முதல் சஃபர்: பெட்டி கட்டும் முன்



வளைகுடாவுக்கு முதன்முறையாகப் போகும் பிள்ளைகள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் விசா, டிக்கெட், சம்பளம் பற்றித்தான் கேட்கிறார்கள். பெட்டியில் என்ன வைத்திருக்கிறாய் என்று நாங்கள் திருப்பிக் கேட்டால், "அதெல்லாம் அம்மா பார்த்துக்குவாங்க" என்ற பதில்தான் வருகிறது. ஆகவே இது பயணிக்கு மட்டுமல்ல, பெட்டி கட்டும் அம்மாவுக்கும் மனைவிக்கும், "இந்தச் சின்னப் பார்சலையும் கொண்டு போப்பா" என்று கடைசி நேரத்தில் வரும் பக்கத்து வீட்டாருக்கும் சேர்த்து எழுதுவது.

முதலில் கசகசா. குருமாவுக்கு அரைக்கிறோம், சில வீடுகளில் கறிமசாலாத் தூளிலும் சேர்க்கிறோம். இங்கே மளிகைக் கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் அபின் எடுக்கும் அதே செடியின் விதைதான் அது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமம் பெற்று அந்தச் செடியைப் பயிரிடுகிறார்கள். அதனால் நமக்கு அது ஒரு மசாலா சாமான். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் அது போதைப்பொருள் வகையில் வரும் தடைசெய்யப்பட்ட பொருள். ஒரு கைப்பிடியானாலும் கூடாது. முழு விதையை எடுத்துவிட்டு, கசகசா அரைத்த தூளை வைப்பதும் அதே தவறுதான். மசாலா கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கசகசா இல்லாமல் புதிதாக அரையுங்கள். இல்லையென்றால் கம்பெனி பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் பொருள்களைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். துபாய்க்கு வெற்றிலை, பான் வகைகளும் ஆகாது. வெற்றிலை போடும் நன்னிமார் ஆசையாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்தது மாத்திரை. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரை, சில நரம்பு மாத்திரைகள், தூக்க மாத்திரைகள் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. அமீரகத்துக்கு இவற்றைக் கொண்டுபோக அந்நாட்டு அரசிடம் இணையவழியில் முன் அனுமதி பெற வேண்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை என்றாலும் காகிதத்தில் உதிரியாக மடித்துக் கொடுக்காதீர்கள். பெயர் தெரியும் அட்டையோடு, டாக்டர் சீட்டும் சேர்ந்து இருக்கட்டும்.

எங்களுக்கு அதிகக் கவலை தருவது பிறர் பார்சல்தான். 2019 ஜூலையில் மும்பையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் தம்பதி கத்தார் போனார்கள். பயணத்துக்கு ஏற்பாடு செய்தவர் நெருங்கிய உறவுக்காரப் பெண். அவர் கொடுத்தனுப்பிய பொட்டலத்தில் நான்கு கிலோவுக்கு மேல் ஹஷீஷ் இருந்தது. கணவன், மனைவி இருவருக்கும் பத்தாண்டு சிறைத் தண்டனை. அந்தப் பெண் அப்போது கர்ப்பிணி. குழந்தை சிறையில்தான் பிறந்தது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்பதை இந்தியாவின் போதைப்பொருள் தடுப்புத் துறையே விசாரித்துக் கண்டறிந்து, மறுவிசாரணை நடந்து, 2021இல்தான் விடுதலையாகி ஊர் வந்தார்கள். இப்படி வெளிவந்தது அபூர்வம். "எனக்குத் தெரியாது" என்பது அங்கே எளிதில் எடுபடும் பதில் அல்ல.

"அமானிதம், மறுக்கக்கூடாதே" என்று சிலர் சொல்கிறார்கள். அமானிதத்தை ஏற்றவர் அதற்குப் பொறுப்பாளி. உள்ளே என்ன என்று அறியாமல் எப்படிப் பொறுப்பேற்பது? கொடுப்பவர் முன்னாலேயே பிரித்துப் பாருங்கள். தைத்த பை, ஒட்டிய டப்பா என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மனவருத்தம் வரும், இரண்டு நாளில் போய்விடும். நல்லெண்ணத்தில் கொடுப்பவர் கோபித்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை.

இனிப் பயண நாள். மதுரை விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான். கொப்பரை எளிதில் தீப்பற்றும் என்பதால் பெரிய பெட்டியில் அனுமதியில்லை. குடியேற்ற அதிகாரி எங்கே போகிறாய், என்ன வேலை என்று கேட்பார். பதறாமல் உள்ளதைச் சொன்னால் போதும். அங்கே இறங்கியதும் கண்ணையோ கைரேகையையோ பதிவார்கள். பெட்டியை எடுத்து வெளியே வரும் வழியில் சுங்கத்தார் மறுபடி ஸ்கேன் செய்யலாம். கடிகாரத்தை துபாய் என்றால் ஒன்றரை மணி நேரம், சவூதி, கத்தார், குவைத் என்றால் இரண்டரை மணி நேரம் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். "இறங்கி இவ்வளவு நேரமாகியும் போன் வரலையே" என்று வீட்டில் அழுபவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

தாள்கள் பற்றிச் சுருக்கமாக. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ஈ.சி.ஆர். வகை. அவர்கள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக 1983 குடியேற்றச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். அதைத் தவிர்க்க விசிட் விசாவில் ஏற்றி விடுகிறேன் என்று ஏஜென்ட் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம், சம்பளம் வராவிட்டால் முறையிடவும் வழி அடைபடும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், ரசீது கேளுங்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். பிரவாசி பாரதீய பீமா யோஜனாவில் சில நூறு ரூபாய் பிரீமியத்துக்கு 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது.

பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் மூன்றின் நகலையும் வீட்டில் ஒன்று வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே இந்தியத் தூதரகத்தின் எண்ணை போனில் மட்டுமல்ல, ஒரு சீட்டிலும் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். போன் சார்ஜ் இறங்கிய நேரத்தில்தான் அது தேவைப்படும்.