வீட்டுத் தோட்டத்துக்கு மடக்குக் கத்தி: எதைப் பார்த்து வாங்குவது?

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளின் பின்கட்டில் இன்றும் ஓர் எலுமிச்சையோ, கறிவேப்பிலையோ, இரண்டு செம்பருத்தியோ நிற்பதைக் காணலாம். தியாகராய நகரிலும் அடையாறிலும் அடுக்குமாடிக் கட்டடங்கள் பெருகியபின் தோட்டம் மொட்டைமாடிக்கு ஏறிவிட்டது. இடம் சுருங்கியதே தவிர வெட்டு வேலை குறையவில்லை. ரோஜாவின் காய்ந்த குச்சியை நறுக்க வேண்டும். தக்காளிச் செடியைக் கட்டிய சணலை அறுக்க வேண்டும். உர மூட்டையின் தையலைப் பிரிக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் சமையலறைக் கத்தியைத் தூக்கிக்கொண்டு படியேறுவதே பலருக்கு வழக்கம். பையில் அடங்கும் மடக்குக் கத்தி ஒன்று இருந்தால் செடிக்கும் நல்லது, சமையலறைக்கும் நல்லது.

வாங்கும்போது பெரும்பாலோர் அலகுகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குகிறார்கள். புட்டி திறப்பான், சிறு ரம்பம், திருப்புளி என்று விசிறிபோல் விரிவதைக் கண்டதும் காசை எடுத்து விடுகிறார்கள். தோட்ட வேலைக்கு ஓர் அலகு போதும். அந்த ஓர் அலகு விரித்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும் என்பதே முக்கியம்.

இதைக் கட்டுரையாளர் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். நடைபாதையில் வாங்கிய கத்தி ஒன்றால், தென்னைநார்க் கழிவுக் கட்டியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக் குத்திக் கிழிக்க முயன்றார். முனை கட்டியில் சிக்கியது. கை முன்னே போக, அலகு மடங்கி ஆட்காட்டி விரல்மேல் மூடிக்கொண்டது. நான்கு தையல். மூன்று வாரத்துக்கு வலது கையால் பேனாகூடப் பிடிக்க முடியவில்லை.

சாதாரணப் பேனாக்கத்தியில் அலகை நிறுத்தி வைப்பது கைப்பிடியின் முதுகில் உள்ள வில் மட்டுமே. இழுத்து அறுக்கும்போது அது தாங்கும். குத்தினாலோ, அலகின் முதுகுப்புறம் அழுத்தம் விழுந்தாலோ மடங்கிவிடும். ஆகவே பூட்டு உள்ளதாகவே வாங்குக. சில கத்திகளில் கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து வந்து அலகின் அடிக்கு முட்டுக் கொடுக்கும். பிரான்சு நாட்டின் சவோய் மலைப்பகுதியில் 1890-ல் தோன்றிய ஒப்பினல் கத்தியில் வழி இன்னும் எளிது: கழுத்தில் ஓர் உலோக வளையம், அதைத் திருகினால் அலகு மடங்காது. இந்த வளையம் 1955-ல்தான் சேர்க்கப்பட்டது. மரக் கைப்பிடி ஈரத்தில் உப்பும் என்பதால், ஐப்பசி கார்த்திகை மழையில் அதைத் திறக்கச் சற்று மல்லுக்கட்ட நேரிடும்.

கடையிலேயே சோதித்துப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். அலகை விரித்துப் பூட்டி, நுனியை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆணியில் கடகடவென்று ஆட்டம் இருந்தால் வைத்து விடுங்கள். பின்னர் விரல்களை அலகின் வழியிலிருந்து விலக்கிக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் மெதுவாக அழுத்துங்கள். பூட்டு நழுவக் கூடாது. மூடும்போது அலகு கைப்பிடியின் நடுவில் இறங்க வேண்டும். ஒரு பக்கம் உரசக் கூடாது.

அலகின் நீளம் இரண்டரை முதல் மூன்று அங்குலம் போதும். முள் முனை உள்ள வாய் வேண்டாம். அது செடியைக் கிழிக்கும், வீட்டில் தீட்டவும் முடியாது. விறைத்துக் கூர்ந்த நுனியைவிட, சற்றே கீழ்நோக்கி இறங்கிய நுனி நல்லது. தொட்டிச் செடிகளுக்கிடையே கை போகும்போது பக்கத்துத் தண்டைக் கீறாது. சட்டத்தைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத விதிகள் ஆயுதமாகக் கருதுகின்றன. அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆனவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் விமானத்தில் கைப்பையில் வைக்கக் கூடாது. பயணத்தன்று பையைச் சோதித்துக்கொள்வது நலம்.

இனி உலோகம். கரி உருக்கு எளிதில் கூர் ஏறும், எளிதில் துருவும் ஏறும். பெசன்ட் நகர், அடையாறு முகத்துவாரம் போன்ற உப்புக் காற்றுப் பகுதிகளில் ஈரத்துடன் ஓரிரவு விட்டாலே செம்புள்ளி கண்டுவிடும். துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டுத் தடவும் பொறுமை உள்ளவர் அதை வாங்கலாம். மற்றவர்களுக்குத் துருப்பிடிக்காத உருக்கே உகந்தது. இதில் ஒரு சிறு சோதனை உண்டு. காந்தம் ஒன்றை உடன் கொண்டு செல்லுங்கள். காந்தம் ஒட்டாத அலகு, தட்டு டம்ளர் செய்யும் எவர்சில்வர் ரகமாக இருக்கலாம். அதற்குப் பதம் ஏற்ற முடியாது. வாய் உடனே மழுங்கிவிடும். காந்தம் ஒட்டினால் மட்டும் நல்ல கத்தி என்று ஆகிவிடாது. ஒட்டாவிட்டால் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கூர் மழுங்கிய கத்தி செடிக்குப் பகை. ரோஜாக் குச்சியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக நறுக்கி நடும்போது, மழுங்கிய வாய் தண்டை நசுக்கிவிடும். நசுங்கிய இடம் வேர் விடுமுன் அழுகும். கையும் கூடுதலாக அழுத்துவதால் வழுக்கி விரலில் படும். தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கொடுப்பவர்கள், ஒரேயடியாக அழுத்தாமல் அவ்வப்போது தண்ணீரில் தோய்க்கச் சொல்ல வேண்டும். அலகின் விளிம்பு நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று என்று பொருள். மாதம் ஒருமுறை சாணைக் கல்லில் தண்ணீர் விட்டு, இருபக்கமும் சம எண்ணிக்கையில், படுக்கைவாக்கில் தீட்டினாலே ஆண்டுக்கணக்கில் சாணைக்காரரை நாட வேண்டியிராது. செய்தித்தாளின் ஓரத்தைக் கிழிக்காமல் அறுத்தால் போதுமான கூர்.

எலுமிச்சை வைத்திருப்போர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். இலையிலும் காயிலும் சொறிபோல் தடித்த பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது பாக்டீரியா நோய். மழைச் சாரலில் பரவுவது போலவே கத்தி வழியாகவும் அடுத்த மரத்துக்குப் போகும். நோய் கண்ட கிளைகளை மழையில்லாத நாளில், மற்றச் செடிகளை முடித்துவிட்டுக் கடைசியாக வெட்டுக. ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அலகின் இருபுறமும், மடங்கும் ஆணியின் சந்தையும் துடைத்து உலர விடுக. அந்தச் சந்தில்தான் பிசினும் மண்ணும் தங்கும். அதே கத்தியால் மாங்காய் நறுக்கும் பழக்கம் இருந்தால், இரண்டாவது கத்தி ஒன்று வாங்கிவிடுங்கள்.