பீப் சொல்லாத சேதி

மணமேல்குடி கடைத்தெருவில் மொபைல், செட்டாப் பாக்ஸ் ரிப்பேர் பார்க்கும் தம்பி ஒருவர், ஹார்ட் டிஸ்க் பெட்டி ஒன்றின் போர்டை என் முன் வைத்தார். யு.எஸ்.பி. 2 ஒயரில் ஒழுங்காக ஓடுகிறது, யு.எஸ்.பி. 3 ஒயரில் மாட்டினால் நிமிஷத்துக்கு ஒருமுறை கட்டாகிறது. மல்டிமீட்டர் முனைகளை வைத்தார். 'பீப்' என்றது. "லைன் ஓகேண்ணே, சிப்புதான் போச்சு."

பீப் வந்தால் லைன் நல்லது. இந்தத் தொழிலில் நான் அதிகம் கேட்ட நம்பிக்கை இதுதான். மல்டிமீட்டர் அனுப்புவது டி.சி. யு.எஸ்.பி. 3-இல் விநாடிக்கு 500 கோடி பிட் போகிறது, அதற்கு 2.5 கிகாஹெர்ட்ஸில் பாதை திறந்திருக்க வேண்டும். இன்னொரு வேடிக்கை: சிக்னலை அனுப்பும் கம்பி ஜோடியில் டி.சி.யைத் தடுக்கவென்றே கெபாசிட்டர் வைத்திருப்பார்கள். அதைத் தாண்டி முனையை வைத்தால் நல்ல போர்டிலும் பீப் வராது. மீட்டர் இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

"டிஃபரன்ஷியல் ஜோடிதானே, லாஸ் இருக்காது" என்பது இன்னொரு நம்பிக்கை, படித்தவர்களே சொல்வது. ஜோடியில் ஒரு கம்பி ஏறும்போது மற்றது இறங்கும். மறுமுனை இரண்டுக்குமான வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் ஒன்றுபோல் புகுந்த இரைச்சல் கழிந்துபோகும். டெலிபோன் கம்பிகளை முறுக்கிப் போட கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை வாங்கியதும் இரைச்சலை ஒழிக்கத்தான். சிக்னல் தேய்வதை ஜோடி தடுக்காது. லேண்ட்லைன் பிராட்பேண்ட் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்: எக்ஸ்சேஞ்ச் தூரமானால் வேகம் படுத்துவிடும். அதுவும் ஜோடிக் கம்பிதான்.

சிக்னல் எங்கே போகிறது? பாதி செம்பில், பாதி அது ஒட்டியிருக்கும் போர்டின் பலகையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிர்வெண் ஏற ஏறப் பலகையின் பங்கு கூடும். மணமேல்குடிக் கடலைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆழமில்லாத சேற்றுக் கடல், அலை கரை சேர்வதற்குள் அடங்கிவிடும். பலகையில் சிக்னலும் அப்படித்தான். சாதாரண எஃப்.ஆர்.4 பலகையின் இழப்புக் காரணி சுமார் 0.02. சர்வர்களுக்குப் போடும் உயர்ரகப் பலகைகளில் 0.002 முதல் 0.004 வரைதான். பலகையின் எபாக்ஸி ஈரத்தையும் குடிக்கும். குடித்தால் இழப்பு கூடும். ஏ.சி. அறையில் அளந்த எண்ணை ஐப்பசி மழையில் கடற்கரையில் எதிர்பார்க்க முடியாது.

செம்பைத் தடிப்பாக்கினால் சரியாகுமா? ஆகாது. 10 கிகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் பெரும்பாலும் செம்பின் வெளித்தோலில் சுமார் 0.7 மைக்ரான் ஆழத்துக்குள்தான் ஓடுகிறது. 35 மைக்ரான் தடிப்பில் மிச்சமெல்லாம் சும்மா கிடக்கும். பலகையில் ஒட்டுவதற்காகச் செம்பின் அடிப்பக்கத்தைச் சொரசொரப்பாக்குவார்களே, தோலில் ஓடும் மின்னோட்டத்துக்கு அந்த மேடுபள்ளம்தான் வினை.

இழப்பு அதிகமென்றால் லிங்க் செத்தது என்று பயப்படுவதும் தவறு. 20 டெசிபல் போனால் மின்னழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஐந்தாம் தலைமுறை 16 கிகாஹெர்ட்ஸில் 36 டெசிபல் வரை அனுமதிக்கிறது. நூறில் இரண்டு பங்குகூட மிஞ்சாது. அதையும் ஈக்வலைசர் மீட்டுவிடுகிறது. மீட்கச் சிரமமானது வேறு: ஜோடியில் ஒன்று பிந்தி வருவது. அதனால்தான் முறையாக அளப்பவர்கள் நான்கு முனை நெட்வொர்க் அனலைசரில் ஜோடியை ஜோடியாகவே அளக்கிறார்கள். அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போய், அளக்கும் ஒயரும் கனெக்டரும் தின்றதைக் கழித்துவிட்டுத்தான் போர்டின் கணக்கைச் சொல்வார்கள்.

கடைத்தெருவில் அனலைசர் ஏது? லென்ஸை வைத்துப் பார்த்தோம். ஜோடியில் ஒரு ட்ராக் எப்போதோ அறுந்து, யாரோ மெல்லிய ஜம்பர் ஒயர் போட்டிருந்தார்கள். ட்ராக் ஒரு சென்டிமீட்டர். ஜம்பர் வளைந்து நெளிந்து மூன்று. கூடுதல் இரண்டு சென்டிமீட்டரைக் கடக்க சுமார் 70 பிகோ விநாடி. யு.எஸ்.பி. 3-இல் ஒரு பிட்டின் ஆயுளே 200 பிகோ விநாடிதான். யு.எஸ்.பி. 2 வேறு ஜோடியில் ஓடுவதால் அது தப்பித்தது. பீப் மட்டும் கணீரென்று வந்தது.

ஜம்பர் போட்டே தீர வேண்டுமென்றால் தம்பிமார்களே, இரண்டு கம்பிக்கும் சேர்த்துப் போடுங்கள்: ஒரே நீளத்தில், முடிந்தவரை குட்டையாக, ஒன்றோடொன்று ஒட்டினாற்போல.