பசளை வியாபாரத்தைக் கடைக்காரரிடம் ஒப்படைத்த அமைச்சர்

விவசாய அமைச்சராக இருந்தவர் பின்னர் பெரிய வங்கியொன்றின் தலைவரானால் வியாபாரிகளாகிய எமக்கு அதில் படிக்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நைஜீரியாவின் அக்கின்வுமி அடெசினாவின் கதையில் நிறையவே இருக்கிறது. அது நம் கடை மேசைக்கு மிகக் கிட்டிய கதை.

1960இல் பிறந்த இவர் விவசாயி ஒருவரின் மகன். விவசாயப் பொருளியல் படித்து, 1988இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். வங்கிக் கருமபீடத்தில் அமர்ந்தவரல்லர். ஆனால் வங்கிக்காரரின் பயத்தை நன்கு அறிந்தவர். அவர் உதவித் தலைவராக இருந்த அமைப்பு 2008இல் இன்னொரு சர்வதேச நிதியத்துடன் சேர்ந்து கென்யாவின் ஈக்விட்டி வங்கிக்கு 50 இலட்சம் டொலர் உத்தரவாதம் வைத்தது. அதை நம்பி அந்த வங்கி விவசாயிகளுக்கும் சிறு பசளைக் கடைக்காரருக்கும் 5 கோடி டொலர் கடன் தர முன்வந்தது. நட்டத்தில் ஒரு பங்கை வேறொருவர் சுமப்பார் என்றவுடன் பூட்டியிருந்த பெட்டகம் திறந்தது.

2011இல் அவர் நைஜீரியாவின் விவசாய அமைச்சரானார். அந்நாடு ஒரு காலத்தில் கடலை, கொக்கோ, பாமாயில் ஏற்றுமதியால் வாழ்ந்தது. கானோ நகரில் கடலை மூட்டைகளைக் கோபுரம் கோபுரமாக அடுக்கி வைத்திருந்த படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே பேர் பெற்ற கடலை வியாபாரி அல்ஹஸன் தன்தாத்தா ஒரு முஸ்லிம். இன்றைய கோடீஸ்வரர் அலிக்கோ டங்கோட் அவருடைய பரம்பரையில் வந்தவர். எண்ணெய்ப் பணம் வந்த பிறகு வயல் கவனிப்பாரற்றுப் போனது.

பசளை விடயம்தான் கேவலமாக இருந்தது. சுமார் 40 வருடங்களாக அரசே கொள்வனவு செய்து அரசே பங்கிட்டது. மானியப் பசளையில் நூற்றுக்குப் பதினொரு பங்குதான் உண்மையான விவசாயியிடம் போய்ச் சேர்ந்தது என்பது அடெசினாவின் கணக்கு. மிகுதியைக் கொந்தராத்துக்காரரும் அரசியல்வாதிகளும் விழுங்கினர். கேள்விப்பத்திர வியாபாரம் எப்படி நடக்கும் என்பதை எம்மவருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அவர் அரசை அந்த வியாபாரத்திலிருந்து வெளியே எடுத்தார். விவசாயிகளைப் பதிவு செய்து, 2012 முதல் அவர்களின் கையடக்கத் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியாக மானியச் சீட்டு அனுப்பினார். விவசாயி அருகிலுள்ள கடைக்குப் போய், பாதி விலையைத் தன் கையால் கொடுத்துப் பசளை மூட்டையை எடுத்துக்கொள்ளலாம். மறுபாதி மத்திய அரசும் மாநில அரசும் தரவேண்டியது. பசளையைக் கொண்டுவருவதும் களஞ்சியப்படுத்துவதும் விற்பதும் தனியார் கையில். கிராமத்துச் சிறு கடைக்காரன் ஒரே நாளில் அரச திட்டத்தின் நடுப்புள்ளியானான்.

அதே காலத்தில் அந்நாட்டு மத்திய வங்கி 50 கோடி டொலர் அளவில் ஓர் இடர்பகிர்வுத் திட்டத்தையும் ஆரம்பித்தது. கென்யாவில் செய்ததன் பெரிய வடிவம் அது. அப்போது மத்திய வங்கி ஆளுநராக இருந்தவர் லமிடோ சனுசி. 2014இல் கானோவின் அமீரானவர்.

வட்டிக் கடனை நான் புகழவில்லை. இடரைப் பங்கிடுவது பற்றியே பேசுகிறேன். விளைச்சலுக்கு முன்பே பணம் கொடுத்து, அளவையும் தவணையையும் தெளிவாகப் பேசிக்கொள்ளும் ஸலம் வியாபாரத்தை எமது மார்க்கம் அனுமதித்திருக்கிறது. நெல் வாங்கும் எம்மவரில் எத்தனை பேர் அதை முறையாக எழுதிச் செய்கிறார்கள்?

இனி, மேடைகளில் அதிகம் பேசப்படாத பக்கம். விவசாயி தன் பாதியைக் கொடுத்துவிட்டான். அரசு தன் பாதியைக் கொடுக்கத் தாமதித்தது. 2015இல் ஆட்சி மாறியது; அடெசினாவும் ஆபிரிக்க அபிவிருத்தி வங்கியின் தலைவராக அபிஜான் போய்விட்டார். பசளை கொடுத்த வியாபாரிகள் பாக்கிப் பணம் கேட்டு வருடக்கணக்கில் அலைந்தார்கள். திட்டம் நல்லது, தொலைபேசி வேலை செய்தது, கடைக்காரனின் முதல் மட்டும் வெளியில் நின்றது.

இதை வாசித்தபோது என் நெஞ்சில் ஏதோ குத்தியது. பல வருடங்களுக்கு முன் அரச காரியாலயம் ஒன்றுக்குச் சாமான் கொடுத்து, பதினான்கு மாதம் படியேறியவன் நான். கணக்குப் புத்தகத்தில் இலாபம் இருந்தது. சம்பளம் கொடுக்க மனைவியின் நகை போனது.

அடெசினாவுக்குக் குறையில்லை. 2017இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2020இல் அவர்மீது முறைப்பாடுகள் எழுந்தன. விசாரணையில் விடுவிக்கப்பட்டு மீண்டும் தெரிவானார். 2025 செப்டெம்பரில் பதவிக்காலம் முடிந்து விலகினார். அவருடைய பத்து வருடங்களில் அந்த வங்கியின் மூலதனம் பல மடங்கு பெருகியது.

2021இல் எமது நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே அறிவித்தலில் நிறுத்தப்பட்டு, சில மாதங்களில் மறுபடி திறக்கப்பட்டது. அந்த இடைவெளியில் பசளைக் கடைக்காரர் பட்ட பாட்டை அவரவர் ஊரில் கேட்டுப் பாருங்கள். அரசின் கட்டளையை நம்பி இறாக்கையை நிரப்புவதும் வெறுமையாக்குவதும் எல்லா நாட்டிலும் ஒரே சோதனைதான்.

இப்போது அரச நிறுவனம் எதுவும் என்னிடம் சாமான் கேட்டால், விலையைப் பேசுவதற்கு முன் மூன்று விடயம் கேட்கிறேன்: இந்த வருட ஒதுக்கீட்டில் பணம் இருக்கிறதா, யார் கையொப்பமிடுவார், எத்தனை நாளில் காசோலை வரும். பதில் கடதாசியில் வராவிட்டால், பாதிப் பணம் முன்கூட்டி வாங்காமல் லொறியில் சாமான் ஏற்றுவதில்லை.