முதிய குதிரைகளின் கணுமூட்டு வாதம்

மாமல்லபுரக் கடற்கரையில் பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரைகளைப் பலரும் கண்டிருப்பர். ஜட்கா வண்டிகள் மறைந்த பின்னர், நம் பகுதியில் குதிரையை நம்பி வாழும் குடும்பங்கள் சிலவே. குதிரை நொண்டினால் அக்குடும்பத்தின் அன்றைய வருவாய் நின்றுவிடும். ஆகவே, வலியை மறைக்கும் ஊசியைப் போட்டு ஓட்டிவிடலாம் என்னும் எண்ணம் எழுகிறது. அது தகாது என்பதையும், தக்க வழி யாது என்பதையும் இங்குக் காண்போம்.

நோயின் இயல்பு

குதிரையின் பின்னங்காலில் பின்னோக்கி வளைந்து நிற்கும் மூட்டு, மனிதனின் கணுக்காலுக்கு ஒப்பானது. அது நான்கு மூட்டுகளின் தொகுதியாகும். கால் மடங்கி நீள்வது பெரும்பாலும் மேல் மூட்டினால் ஆவது. கீழ் மூட்டுகள் இரண்டும் சிறிதே அசைவன, அதிர்ச்சியைத் தாங்குவன. வயது முதிர, இவ்விரண்டிலும் குருத்தெலும்பு தேய்ந்து வலி உண்டாகிறது. நாளடைவில் எலும்பு வளர்ந்து, மூட்டு இணைந்து இறுகிவிடுதலும் உண்டு. முற்றிலும் இணைந்தபின் வலி பெரிதும் தணியும். நடையும் அதிகம் கெடாது. எனவே வலி தருவது இணைந்த மூட்டன்று. இணையாமல் உராயும் மூட்டே. ஆயினும் இயற்கையாக இணைவதற்குச் சில ஆண்டுகள் ஆகலாம். சிலவற்றில் முழுமையாக இணைவதே இல்லை.

அறிகுறிகள்

காலையில் நடை விறைப்பாக இருந்து, சற்று நடந்தபின் இளகும். பின்னங்கால் எட்டு குறுகும். குளம்பின் நுனி தரையில் இழுபட்டுத் தேயும். மூட்டின் உட்புறத்தில் கெட்டியான புடைப்புத் தோன்றலாம்.

சிகிச்சை முறைகள்

முதலாவது, குளம்பைச் சீராகச் செதுக்கி, ஏற்ற லாடம் கட்டுதல். இரண்டாவது, வேலையை மாற்றுதல். ஆழ்ந்த உலர் மணலில் ஓட்டம், திடீர்த் திருப்பம், மிகு பாரம் ஆகியவற்றை விலக்குக. முற்றிலும் கட்டிப்போடுவதும் நன்றன்று. அலையோரத்து இறுகிய ஈர மணலில் நேராக மெல்ல நடத்துதல் நலம்.

மூன்றாவது, வலியடக்கும் மருந்து. பினைல்பூட்டசோன், மெலாக்சிகாம் முதலியவற்றை மருத்துவர் அளவிட்டே தரல் வேண்டும்; அளவு மிகுந்தால் இரைப்பை புண்ணாகும், சிறுநீரகம் கெடும். டைக்ளோஃபெனாக் மருந்தைக் கால்நடைகட்குப் பயன்படுத்துதல் 2006-இல் தடை செய்யப்பெற்றது. அம்மருந்து ஏற்றிய விலங்கின் சடலத்தைத் தின்ற பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவில் மடிந்தமையே காரணம்.

நான்காவது, மூட்டினுள் ஸ்டீராய்டு ஊசி. இது சில மாதங்கள் பயன் தரலாம். ஆனால் சில குதிரைகட்குக் குளம்பழற்சி வரும் அபாயம் உண்டு.

ஐந்தாவது, மூட்டை வேண்டுமென்றே இணையச் செய்தல். மயக்கமூட்டி, குருத்தெலும்பைத் துளையிட்டு நீக்குவது ஒரு முறை. மூட்டினுள் எத்தனால் செலுத்துவது மற்றொன்று. மருந்து மேல் மூட்டிற்குப் பரவாதா என்பதை எக்ஸ்-ரே மூலம் முன்னரே தெளிதல் இன்றியமையாதது. பின்னரும் பல மாதங்கள் பொறுத்திருத்தல் வேண்டும். இவற்றை ஊரில் செய்ய முற்படலாகாது. 1903-இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, வேப்பேரியில் உள்ளது. அங்கு ஆலோசனை பெறலாம்.

ஊராட்சியின் பங்கு

நோயுற்ற, வேலைக்குத் தகுதியற்ற விலங்கை வேலை வாங்குதல், 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். தண்டித்தல் மட்டும் போதாது. குதிரைகட்கு நிழலும் குடிநீர்த் தொட்டியும் அமைத்தல், கால்நடை மருத்துவரை முறையாக வரவழைத்தல், லாடம் கட்டுவோரைத் தேடித் தருதல் ஆகியன உறுப்பினர்களால் ஆகக்கூடியவை. குதிரை ஓய்வு கொள்ளும் மாதங்களில் அதன் உரிமையாளர்க்கு வேறு வேலை கிடைக்க வழி காண்பதும் அவர்தம் கடனே. உரிமையாளர் பட்டினி கிடக்கும் நிலையில் குதிரைக்கு ஓய்வு கிட்டாது. இருவரையும் ஒருங்கே காப்பதே மெய்யான சிகிச்சையாகும்.