சறுக்கு விமானத்தைக் கிளப்பும் சாதனங்கள்

கிளைடர் என வழங்கும் சறுக்கு விமானத்திற்கு எஞ்சின் இல்லை. உயரத்தை அடைந்தபின் அது தன் எடையினாலேயே முன்னோக்கிச் சறுக்கும். மேலெழும் வெப்பக் காற்று கிடைப்பின் வட்டமிட்டு உயரவும் செய்யும். ஆயினும், முதலில் அதனை அவ்வுயரத்திற்குக் கொண்டு செல்லப் புறச்சக்தி ஒன்று தேவை.

பயிற்சி விமானம்: நம் நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்துத் துறை 1958-இல் அசுவினியையும், 1961-இல் ரோகிணியையும் உருவாக்கிப் பறக்கவிட்டது. இரண்டும் இருவர் அமரும் பயிற்சி விமானங்கள். அசுவினியில் ஆசிரியரும் மாணவரும் ஒருவர்பின் ஒருவராகவும், ரோகிணியில் அருகருகேயும் அமர்ந்தனர்.

விஞ்ச் யந்திரம்: மைதானத்தின் ஒரு கோடியில் எஞ்சினால் சுழலும் பெரிய உருளையும், மறு கோடியில் விமானமும் இருக்கும். ஏறக்குறைய 1,000 மீட்டர் நீளமுள்ள எஃகு வடம் இரண்டையும் இணைக்கும். சமிக்ஞை கிடைத்ததும் முதலில் வடத்தின் தொய்வு நீக்கப்படும்; பின்னரே உருளை விரைந்து சுழலும். விமானம் பட்டம்போல் மேலேறி, வட நீளத்தில் சுமார் மூன்றிலொரு பங்கு உயரத்தை எட்டும். எஞ்சின் விமானம் ஒன்று கயிற்றால் இழுத்துச் செல்வது மற்றொரு முறை. அதில் உயரமும் அதிகம், செலவும் அதிகம்.

இறக்கைமீது பளு: மேலேறும் விமானத்தை வடம் முன்னோக்கி மட்டுமன்றிக் கீழ்நோக்கியும் இழுக்கிறது. ஆகவே, இறக்கைகள் விமானத்தின் எடையோடு இவ்விழுவிசையையும் தாங்க வேண்டும். அளவு மீறினால் இறக்கையே முறியக்கூடும்.

காப்புச் சாதனங்கள்: இவ்வாபத்தைத் தடுப்பதற்கென்றே வடத்திற்கும் விமானத்திற்கும் இடையே, வேண்டுமென்றே வலிமை குறைந்த உலோக இணைப்பு ஒன்று பொருத்தப்படுகிறது. இழுவிசை வரம்பைக் கடந்ததும் அது முதலில் அறுந்துவிடும். விமானத்திற்கு விமானம் வரம்பு வேறுபடுவதால், இணைப்புகளுக்கு நிற அடையாளம் உண்டு. உரிய இணைப்பு இல்லையென்று வலிமை மிக்க வேறொன்றை மாட்டுவது, காப்பையே அகற்றுவதாகும். விமானியின் கைப்பிடியால் விடுபடும் கொக்கி, வடம் பின்புறமாகச் சாயும்போது தானாகவும் விடுபடும். கொக்கி சிக்கிக்கொண்டால் வடத்தைத் துண்டிக்க விஞ்சிலும் ஒரு வெட்டுகருவி உண்டு.

வடம் அறுந்தால்: மூக்கு உயர்ந்த நிலையிலுள்ள விமானம் சில விநாடிகளில் வேகத்தை இழக்கும். விமானி முதலில் மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்ட பின்னரே, இறங்கும் இடத்தைத் தீர்மானித்தல் வேண்டும்.

வகுப்பறைச் சோதனை: மரக்கட்டை ஒன்றைச் சணல் கயிற்றால் கட்டி, கயிற்றின் நடுவே சிறு துண்டுத் தையல் நூலை இணைக்கவும். வழவழப்பான மேசைமீது மெல்ல இழுத்தால் கட்டை நகரும். வெடுக்கென இழுத்தால் நூல் மட்டும் அறும், சணல் அறாது. அறும் இடத்தை முன்கூட்டியே தீர்மானிக்க முடிவது ஏன் என்பதை மாணவர்களையே விளக்கச் செய்தல் நலம்.