மாட்டின் மூட்டுகளை அறிந்துகொள்ளுங்கள்

"மாடு நொண்டுகிறது, வந்து பாருங்கள்" என்று சொல்லித்தான் நம்மில் பலர் கால்நடை மருத்துவரை அழைக்கிறோம். எந்தக் கால், எந்த மூட்டு, மடக்க முடியவில்லையா, நீட்ட முடியவில்லையா என்று அவர் திருப்பிக் கேட்டால் திணறுகிறோம். இன்று 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கும் வசதி இருக்கிறது. விவரமாகச் சொல்லத் தெரிந்தால் வருகிறவர் அதற்குத் தகுந்த ஆயத்தத்தோடு வரலாம்.

முதலில் பக்கங்களைப் பார்ப்போம். இடது, வலது என்பவை மாட்டின் இடது, வலதுதான், பார்க்கிறவருடையது அல்ல. மாட்டின் எதிரே நின்றால் உங்கள் வலக்கைப் பக்கம் இருப்பது மாட்டின் இடப்புறம். எனவே மாட்டின் பின்னால், உதை எட்டாத தூரத்தில் நின்று சொல்லுங்கள், குழப்பம் வராது. இதை அற்பமாக எண்ண வேண்டாம். மாட்டின் பெருவயிறு இடப்புறம் இருக்கிறது. ஆகவே வயிற்று உப்பசத்தில், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவேயுள்ள இடப்புறப் பள்ளமே முதலில் மேடிடும்.

உட்புறம் என்றால் அடுத்த காலை நோக்கிய பக்கம். வெளிப்புறம் அதற்கு எதிர்ப்பக்கம். ஒவ்வொரு காலிலும் உள் குளம்பு, வெளிக் குளம்பு என இரண்டு உண்டு. கறவை மாடுகளில் பின்னங்காலின் வெளிக் குளம்பும் முன்னங்காலின் உள் குளம்புமே அதிகமாகப் பழுதாகின்றன. முன்னங்கால்களைக் குறுக்காகப் பின்னிக்கொண்டு மாடு நின்றால் உள் குளம்புகளில் வலி இருக்கக் கூடும்.

அடுத்து மூட்டுகள். உங்கள் உடம்போடு ஒப்பிட்டால் எளிதாக விளங்கும். முன்னங்காலில் நாம் முட்டி என்று சொல்வது உண்மையில் மாட்டின் மணிக்கட்டு. அதன் முழங்கை நெஞ்சை ஒட்டி மேலே இருக்கிறது. பின்னங்காலின் நடுவில் பின்பக்கமாகத் துருத்தி நிற்பது முழங்கால் அல்ல, குதிகால். உண்மையான முழங்கால், மடிக்கு முன்னால் வயிற்றுத் தோல் வந்து சேரும் இடத்தில் இருக்கிறது, சில்லும் அங்கேதான். சுருங்கச் சொன்னால் மாடு விரல் நுனிகளில் நடக்கும் பிராணி!

மூட்டின் இரு எலும்புகளும் நெருங்கி வந்தால் அது மடக்குதல். விலகி நேரானால் நீட்டுதல். காலை உடலை விட்டுப் பக்கவாட்டில் கொண்டுபோவது விலக்குதல். திரும்பக் கொண்டுவருவது அணைத்தல். மாட்டின் கால் மூட்டுகள் பெரும்பாலும் மடக்கவும் நீட்டவுமே அமைந்தவை. ஈரமான சிமெண்டுத் தரையில் வழுக்கிப் பின்னங்கால்கள் இரண்டும் அகன்றுபோனால், அணைக்கும் தசைகள் கிழிந்து மாடு எழுந்திருக்க முடியாமலே போகலாம். சினைமாடு கட்டும் இடத்திலாவது தரையைச் சொரசொரப்பாக்கி வையுங்கள்.

இந்த அறிவு கைகொடுக்கும் ஓர் உதாரணம் சொல்கிறோம். உழவு மாடு எழுந்து நடக்கத் தொடங்குகிறது. ஒரு பின்னங்கால் மடங்காமல் பின்னோக்கி விறைத்து நிற்கிறது. குளம்பு நுனி தரையில் இழுபடுகிறது. சிறிது தூரம் போனதும் கால் வெடுக்கென்று விடுபடுகிறது. குதிகால் மூட்டு விறைத்திருப்பது கண்ணுக்குத் தெரிவதால் பலர் அங்கே ஒத்தடம் கொடுக்கிறார்கள், சூடும் போடுகிறார்கள். பழுதோ மேலே முழங்காலில் இருக்கிறது. சில்லின் உட்புற நார், தொடை எலும்பின் கீழ்முனை மேட்டில் மாட்டிக்கொள்கிறது. முழங்கால் மடங்காதபோது குதிகாலும் மடங்காது. இரண்டும் சேர்ந்தே இயங்கும்படி மாட்டின் கால் அமைந்திருக்கிறது. மருத்துவர் அந்த இடத்தை மரக்கச் செய்து நாரை அறுத்துவிடுவார். சிறிய அறுவைதான், பெரும்பாலும் உடனே குணம் தெரியும். சூடு போட்ட தழும்போ ஆயுளுக்கும் போகாது, சந்தையில் விலையும் குறையும்.

இத்தகைய மாட்டுக்கு உதவி கேட்கும்போது இப்படிச் சொல்லுங்கள்: "வலது பின்னங்கால், முழங்கால் மடங்கவில்லை, பின்பக்கம் நீண்டு நிற்கிறது, நாலு நாளாக, எழுந்தவுடன் அதிகம்."