பரண் கம்பி எவ்வளவு தாங்கும்?

இடம் போதாமல் நம் வடமதுரை வணிகர்கள் இரும்புக் கம்பியில் பரண் தொங்கவிட்டு மூட்டை அடுக்குவதுண்டு. வில் தராசில் அளவு மீறிய பாரம் தொங்கினால், இறக்கிய பின்னும் முள் பூஜ்யத்துக்குத் திரும்பாது. அதுபோலக் கம்பியும் நீண்டு, நீண்டபடியே நின்றுவிடும் எல்லைக்கு ‘இளகு வலிமை’ என்று பெயர். அறுவதற்கு முன்பே வருவது இது.

இந்தியத் தரம் ஐ.எஸ். 2062-இன்படி, இ250 ரக எஃகுக் கம்பிக்கு இது சதுர மி.மீ.க்கு 250 நியூட்டன்; அதாவது சுமார் 25 கிலோ.

கணக்கு: 8 மி.மீ. கம்பியில் மரை வெட்டிய இடத்தின் பரப்பு சுமார் 36 சதுர மி.மீ. 36 × 25 = 900 கிலோ. இது கம்பி இளகும் பாரம். நாம் ஏற்றும் பாரமன்று. மூன்றில் ஒரு பங்காக 300 கிலோ கொள்வோம். நான்கு கம்பிக்கு 1,200 கிலோ. பரணின் எடை 200 கிலோ என்றால், மீதி 1,000 கிலோவுக்கு 50 கிலோ மூட்டை 20.

மூட்டைகளை ஒரே மூலையில் குவித்தால் இக்கணக்கு பொய்க்கும். ரகம் தெரியாத பழைய கம்பிக்கும் பொருந்தாது. சட்டமும் கூரையும் தாங்குமா என்பதைப் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளவும்.

கம்பி நீண்டது தெரிந்தால் மூட்டைகளை உடனே இறக்குங்கள். பரணுக்குக் கீழே நிற்பவர்கள் நம் ஊழியர்களும் வாடிக்கையாளர்களுமே!